ரவுட்டர் யாருடையது?

“அண்ணா, போர்டுக்கு ஐபியை ஃபிக்ஸ் பண்ணணும். கோடு இருந்தா அனுப்புங்க” என்று போன் வந்தால் நான் உடனே புரோகிராம் கோடு அனுப்புவதில்லை. “ரவுட்டர் யாருது தம்பி?” என்றுதான் கேட்பேன். எதிர்முனையில் கொஞ்சம் தயங்குவார்கள். சிலர் ரவுட்டரின் பிராண்டைச் சொல்வார்கள். நான் கேட்டது அதையல்ல. அந்தப் பெட்டியின் பாஸ்வேர்டு யார் கையில் இருக்கிறது, அது கெட்டால் மாற்றி வைப்பவர் யார், நாளைக்கு வேறு கம்பெனி இணைப்புக்கு மாறினால் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்வார்களா என்பதையெல்லாம் சேர்த்துத்தான் கேட்கிறேன். ஈரோட்டைச் சுற்றிக் கிணற்று மோட்டார், கோழிப் பண்ணை, பனியன் கம்பெனி என்று இந்தச் சின்ன வைஃபை போர்டுகளை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. போர்டில் ஒரு ஐபி எண்ணை எழுதி வைக்க மூன்று வரி கோடு போதும். அந்த எண் அந்த இடத்தில் செல்லுபடியாகுமா என்பது போர்டின் கையில் இல்லை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது பிரவுசிங் சென்டர் வழியாக. அங்கே எல்லா எண்ணும் கையால் போட்டதுதான். விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் ஒரே டயல்-அப் இணைப்பைப் பல கம்ப்யூட்டர்கள் பங்கு போட்டுக்கொள்ளும் வசதி வந்திருந்தது. மோடம் செருகிய கம்ப்யூட்டர் 192.168.0.1 என்ற எண்ணைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். மற்றவை தாமாகவே எண் வாங்கிக்கொள்ளவும் வழி இருந்தது. ஆனால் நாங்கள் அதற்கு விடமாட்டோம். மேஜை எண் ஏழு என்றால் ஐபியின் கடைசி எண்ணும் ஏழு. மானிட்டர் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். “ஏழு நிக்குதுங்க” என்று பையன் குரல் கொடுத்தால் கல்லாவில் உட்கார்ந்தபடியே 192.168.0.7-க்குப் பிங் அடித்துப் பார்ப்போம். கேபிள் கழன்றிருக்கிறதா, விண்டோஸ் தொங்கிவிட்டதா என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

2005 தொடக்கத்தில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்தது. பிறகு வீடுகளுக்கும் கடைகளுக்கும் வந்த மோடம் பெட்டிகள் தாமே எண் வழங்கும் வேலையையும் பார்த்தன. டிஹெச்சிபி என்கிற அந்த ஏற்பாட்டின் விதிகள் 1997-லேயே எழுதி முடிக்கப்பட்டவை. அது பரவலானதும் எண்கள் கண்ணிலிருந்து மறைந்தன. கம்ப்யூட்டரைச் செருகினால் நெட் வரும், அவ்வளவுதான். ஐபி என்றால் என்ன என்று தெரியாமலே ஒரு தலைமுறை கம்ப்யூட்டர் பழகிவிட்டது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரவுசருக்கும் ஈமெயிலுக்கும் நம் எண் என்ன என்பது தேவையே இல்லை. நாம்தான் வெளியே போய்க் கேட்கிறோம், நம்மைத் தேடி யாரும் வருவதில்லை.

கடைசியாகச் சொன்ன இந்த விஷயம்தான் சின்ன போர்டுகள் வந்ததும் தலைகீழானது. போர்டைத் தேடி நம் போன் போக வேண்டும். 2014-இல் ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெஸிஃப் நிறுவனத்தின் இஎஸ்பி 8266 சிப்பை வைத்து இஎஸ்பி-01 என்ற எட்டுக்கால் மாட்யூல் வந்தது. சென்னை ரிச்சி தெருவுக்கு அது வந்து சேர்ந்தபோது, ஆர்டுயினோ போர்டைக் கேபிள் வழியாக நெட்டில் சேர்க்கும் எதர்நெட் ஷீல்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த காசில் பாதிகூட ஆகவில்லை. ஆனால் படுத்தி எடுத்த சாமான் அது. கால்கள் இரண்டு வரிசையாக நெருங்கி இருப்பதால் பிரெட்போர்டில் செருக முடியாது. ஆர்டுயினோ ஊனோவின் 3.3 வோல்ட் காலிலிருந்து கரண்ட் கொடுத்தால் வைஃபை கிளம்பும் நேரத்தில் மாட்யூல் ரீசெட் ஆகும். அந்தக் கால் தரக்கூடியது 50 மில்லி ஆம்பியர்தான், மாட்யூலுக்கோ சமயத்தில் அதைப்போலப் பல மடங்கு வேண்டும். ஆவணங்கள் சீன மொழியில் இருந்தன. ஏடி கமாண்டுகளை ஒவ்வொன்றாக, போர்டோடு பேசும் கம்ப்யூட்டர் ஜன்னலான சீரியல் மானிட்டரில் தட்டி, எந்த எண் கிடைத்திருக்கிறது என்று கேட்டு, அதை போன் பிரவுசரில் அடித்து எல்இடி எரிந்ததும் கைதட்டிய காலம்.

2015-இல் ஆர்டுயினோ மென்பொருளிலேயே அந்தச் சிப்புக்கு நேரடியாகக் கோடு எழுதும் வசதி வந்தது. யுஎஸ்பி உள்ள நோட்எம்சியு போர்டுகளும் மலிந்தன. அதன்பிறகு கல்லூரிப் பிள்ளைகள் முதல் மோட்டார் மெக்கானிக்குகள் வரை எல்லோரும் செய்ய ஆரம்பித்தார்கள். எல்லோரும் கற்ற முதல் பாடம் ஒன்றுதான். போர்டைக் கம்ப்யூட்டரில் செருகு, சீரியல் மானிட்டரில் ஐபி வரும், அதை போனில் அடி. மேஜையில் அது சரி. கிணற்று மேட்டில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் வைத்த போர்டுக்கு யார் சீரியல் மானிட்டர் திறப்பது?

நாமக்கல் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையிலிருந்து அழைப்பு வந்தது. ஒவ்வொரு ஷெட்டிலும் வெப்பமும் ஈரப்பதமும் பார்த்துத் தண்ணீர் தூவும் ஃபாகரை ஓட்டும் போர்டுகளை முன்பு யாரோ வைத்துக் கொடுத்திருந்தார்கள். சூப்பர்வைசரின் போனில் ஷெட்டுக்கு ஒன்றாகப் பக்கங்களைச் சேமித்து வைத்திருந்தார்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி, தலைப்பில் ஷெட் எண்கூட இல்லை. அவர் சொன்னது இது: “ரெண்டாம் ஷெட்டுக்கு அமுக்குனா மூணாவதுல தண்ணி பொழியுதுங்க. நேத்து நல்லாத்தானுங்க இருந்துச்சு.” ராத்திரி முழுக்கத் தேவையில்லாத ஷெட்டில் ஃபாகர் ஓடி, கூண்டுக்கு அடியில் கிடந்த எரு நனைந்து நாறிக்கொண்டிருந்தது. பண்ணைக்காரர்களுக்கு அதன் அடுத்த கட்டம் என்ன என்று தெரியும். ஈ மொய்க்கும். ஈ வந்தால் ஊர்க்காரர்கள் வருவார்கள்.

ரிலே வயரை மாற்றிக் கொடுத்துவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார் அங்கே இருந்த எலெக்ட்ரீஷியன். நான் கேட்டது நேற்று கரண்ட் போனதா என்று. சாயங்காலம் மழைக்காற்றில் போய் ராத்திரி வந்திருந்தது. விலை குறைந்த ரவுட்டர்கள் பலவும் யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்ற கணக்கைத் தற்காலிக நினைவில்தான் வைத்திருக்கும். கரண்ட் போனால் கணக்கும் போச்சு. போர்டும் அப்படித்தான், நேற்று வாங்கிய எண் அதற்கு ஞாபகம் இருக்காது. கரண்ட் வந்ததும் எல்லா போர்டும் ஒரே நேரத்தில் கண் விழித்து எண் கேட்கின்றன. எது முந்துகிறதோ அதற்கு முதல் எண். அன்று மூன்றாம் ஷெட் போர்டு முந்திவிட்டது. போனில் சேமித்த பக்கத்துக்கு இது தெரியாது. 192.168.1.3 என்றால் இரண்டாம் ஷெட் என்று அது நம்பிக்கொண்டே இருந்தது.

அங்கே நான் செய்த முதல் வேலை ஐபி தொடர்பானதே இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஷெட் எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டேன். அதற்குப் பிறகுதான் எண்ணை நிலையாக்கினேன். இந்த வரிசையை இன்றுவரை மாற்றவில்லை. எண் மாறினாலும் தப்பான மோட்டாரை ஓட்டாமல் இருக்க வேண்டும் என்பது எண் மாறாமல் இருப்பதைவிட முக்கியம்.

நிலையான எண் போடுவதில் கோடு தரப்பில் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். போர்டின் எண், கேட்வே (அதாவது ரவுட்டரின் எண்), சப்நெட் மாஸ்க், டிஎன்எஸ் இந்த நான்கையும் வைஃபை.கான்ஃபிக் என்ற கட்டளைக்குக் கொடுக்க வேண்டும். அதுவும் வைஃபையில் சேரச் சொல்லும் வைஃபை.பிகின் கட்டளைக்கு முன்னால். பின்னால் போட்டால் போர்டு முதலில் ரவுட்டரிடம் ஒரு எண் வாங்கி, பிறகு நம் எண்ணுக்குத் தாவும். போர்டின் நிலை நினைவகத்தில் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் தங்கும், இந்த எண் தங்காது. ஒவ்வொரு முறை போர்டு கிளம்பும்போதும் கோடு அதைச் சொல்லியாக வேண்டும்.

வரிசையில் ஒரு பள்ளம் உண்டு. பழைய ஆர்டுயினோ எதர்நெட் ஷீல்டில் எண்ணுக்கு அடுத்து டிஎன்எஸ், பிறகுதான் கேட்வே, மாஸ்க். இஎஸ்பி-யில் எண்ணுக்கு அடுத்து கேட்வே, மாஸ்க், கடைசியில் டிஎன்எஸ். பழைய பிராஜெக்ட் கோடை எடுத்து ஒட்டுகிறவர்கள் இதில்தான் விழுவார்கள். 8266-க்கான கோடு நூலகத்தை எழுதியவர்கள் இதை எதிர்பார்த்திருக்கிறார்கள். மூன்றாவதாக வரும் எண் 255-இல் தொடங்கினால் அதுதான் மாஸ்க், இல்லாவிட்டால் இவர் பழைய வரிசையில் கொடுத்திருக்கிறார் என்று கண்டுபிடித்துச் சரிசெய்துகொள்ளும். 2016-இல் வந்த இஎஸ்பி 32-இன் ஆரம்பகால நூலகம் கொடுத்ததைக் கொடுத்தபடியே எடுத்துக்கொண்டது. ஒரே கோடு ஒரு போர்டில் ஓடுகிறது, இன்னொன்றில் ஓடவில்லை என்று சண்டை போட்ட மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது.

டிஎன்எஸ் எண்ணைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டாலும் உள்ளூரில் எல்லாம் ஓடுவதால் தெரியாது. ஒரு பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும் போர்டு. நேரம் காட்டும் சர்வரிடம் இன்டர்நெட் வழியாக மணி கேட்டுக்கொண்டு பீரியடுக்குப் பீரியட் பெல் அடிக்க வேண்டும். எண் தானாக வந்துகொண்டிருந்த வரை ஒழுங்காக அடித்தது. யாரோ எண்ணை நிலையாக்கிக் கொடுத்த பிறகு கண்ட நேரத்தில் அடிக்க ஆரம்பித்தது. ஹெட்மாஸ்டர் அறையில் உட்கார்ந்து போர்டின் பக்கத்தைத் திறந்தேன். பக்கம் பளிச்சென்று வந்தது. அதில் தேதி 1970 ஜனவரி 1, நேரம் காலை ஆறேகால்.

பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. இந்தச் சிப்புகள் நேரத்தை 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து, கிரீன்விச் நேரக் கணக்கில், எண்ணுகின்றன. நம் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் காலை ஐந்தரை. அதாவது அந்த போர்டுக்கு யாரும் மணி சொல்லவில்லை, கரண்ட் வந்து முக்கால் மணி நேரம் ஆகிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. காலை ஏழு மணிக்கு வாட்ச்மேன் சுவிட்ச் போட்டால் போர்டுக்கு அது ஐந்தரை. ஒன்பது இருபதுக்கு அடிக்க வேண்டிய பெல் பத்து ஐம்பதுக்கு அடிக்கும். நேர சர்வரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். பெயரை எண்ணாக மாற்றித் தர டிஎன்எஸ் வேண்டும். ரவுட்டரிடம் எண் வாங்கியபோது அதுவும் கூடவே வந்தது. கையால் போட்டபோது அதை யாரும் கொடுக்கவில்லை. நான் எப்போதும் முதல் டிஎன்எஸ்-ஆகக் கேட்வே எண்ணையும், இரண்டாவதாகக் கூகுளின் 8.8.8.8-ஐயும் போடுகிறேன். மணி தப்பினால் பெல் அடிக்காமல் சும்மா இருக்கும்படி ஒரு வரியையும் சேர்த்தேன். வருஷம் 2000-க்குக் கீழே இருந்தால் வாயை மூடிக்கொள் என்று.

எந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு வருகிறேன். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது மாதிரிதான் கோடில் எண் எழுதுவது. கண்டக்டருக்கு அது தெரியாது. ரவுட்டர் தன் பட்டியலில் அந்த எண் காலி என்றே நினைத்து வேறொருவருக்கும் கொடுக்கும். சில ரவுட்டர்கள் 100 முதல் 199 வரை மட்டும் வழங்கும், சில 2 முதல் 254 வரை முழுவதையும் வைத்துக்கொண்டிருக்கும். முன்னதில் 200-க்கு மேல் எதையும் எடுக்கலாம். பின்னதில் முதலில் ரவுட்டரின் பட்டியலைச் சுருக்க வேண்டும்.

சுருக்காவிட்டால் என்ன ஆகும் என்று திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கம்ப்ரஸர் அறையில் பார்த்தேன். காற்றழுத்தம் காட்டும் போர்டு, எண் 192.168.1.50. காலை பத்து மணிக்கு மேல் வேலை செய்யாது, சாயங்காலம் ஆறரைக்கு மேல் சரியாகிவிடும். சூடு என்று மின்விசிறி வைத்தார்கள். கம்ப்ரஸர் அதிர்வு என்று போர்டைச் சுவரிலிருந்து எடுத்து ஸ்பாஞ்ச் மேல் வைத்தார்கள். அடாப்டரை மாற்றினார்கள். பத்து மணிக்குச் சூடு கூடுவது உண்மைதானே, யாரையும் குறை சொல்ல முடியாது.

நான் போனபோது என் லேப்டாப்பில் பக்கத்தைத் திறந்தேன். பிரஷர் காட்ட வேண்டிய இடத்தில் கறுப்பு டோனர் இத்தனை சதவீதம் மீதி என்று வந்தது. பில்லிங் செக்‌ஷனில் புதிதாக வாங்கிய வைஃபை பிரிண்டரின் பக்கம் அது. அக்கவுன்டன்ட் பத்து மணிக்கு வந்து பிரிண்டரைப் போடுவார், ஆறரைக்கு நிறுத்திவிட்டுக் கிளம்புவார். ரவுட்டர் அந்த பிரிண்டருக்கு 50-ஐக் கொடுத்திருந்தது. இரண்டும் அதே எண்ணுக்குப் பதில் சொல்லும், எதன் பதில் கடைசியாக வந்ததோ அதை லேப்டாப் நம்பும். எந்த ஐபி எந்தக் கருவியிடம் என்று காட்டும் ஏஆர்பி பட்டியலைக் கமாண்ட் விண்டோவில் போட்டுப் பார்த்தால், ஒரே ஐபிக்கு நேராக, கருவிக்குக் கருவி வேறுபடும் மேக் எண் மாறி மாறி வந்தது. எண் கொடுப்பதற்கு முன் யாராவது வைத்திருக்கிறார்களா என்று ரவுட்டரும், வாங்கியதும் பிரிண்டரும் சோதிக்க வேண்டும் என்பது விதி. எல்லாப் பெட்டியும் அதை ஒழுங்காகச் செய்வதில்லை. சோதித்தாலும், நம் போர்டு மின்சாரம் மிச்சப்படுத்த ரேடியோவை அணைத்து அணைத்துப் போடுவதால் அந்த நேரம் பதில் சொல்லாமல் போகலாம். சுவரில் கரண்ட் இருக்கும் இடங்களில் அந்த மோடம் ஸ்லீப் வசதியை நான் நிறுத்திவிடுவேன். “கொஞ்ச நேரம் ஓடுது, அப்புறம் காணாம போயிருது” என்ற புகார்களில் ஒரு பகுதி அதிலேயே தீர்ந்துவிடும்.

துண்டு போடுவதைவிட முன்பதிவு நல்லது. ரவுட்டருக்குள் போய், இந்த மேக் எண் உள்ள கருவி வந்தால் இந்த ஐபியைத்தான் கொடு என்று எழுதி வைப்பது. போர்டில் ஒன்றும் மாற்ற வேண்டாம், மோதலும் வராது. ஆனால் மேக் எண்ணைப் பார்த்து எழுத வேண்டும். போர்டு தானே ஒரு வைஃபை பரப்பி செட்டிங் பக்கம் காட்டும்போது போனில் தெரிகிற மேக் வேறு, ரவுட்டரோடு சேரும்போது அது காட்டும் மேக் வேறு. இஎஸ்பி 32-இல் கடைசி எண்ணில் ஒன்று கூடியிருக்கும், 8266-இல் முதல் இரட்டை எழுத்தே மாறியிருக்கும். போனில் பார்த்து எழுதிவிட்டு முன்பதிவு வேலை செய்யவில்லை என்பவர்கள் உண்டு. ரவுட்டரின் இணைப்புப் பட்டியலில் பார்த்துத்தான் எழுத வேண்டும். இன்னொன்று, யாராவது ஊசியால் ரவுட்டரின் ரீசெட் ஓட்டையைக் குத்தினால் முன்பதிவு மொத்தமும் அழிந்துவிடும். நெட் ஸ்லோ என்றால் அந்த ஓட்டையைக் குத்தும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது.

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. தென்னையும் வாழையுமாகப் பெரிய தோட்டம். கிணறு, போர்வெல், தொட்டி என்று அங்கங்கே போர்டுகள். பண்ணை வீட்டிலிருந்து கம்பங்களில் வைஃபை கருவிகளை ஏற்றி சிக்னலைக் கொண்டுபோயிருந்தார்கள். எல்லாவற்றையும் செய்தது உரிமையாளரின் சொந்தக்காரப் பையன். கெட்டிக்காரன், ஒவ்வொரு போர்டுக்கும் 192.168.1-இல் நிலையான எண் போட்டு, பெட்டிக் கதவின் உள்பக்கம் மார்க்கரில் எழுதியும் வைத்திருந்தான். பிறகு பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். கோடு இருந்த லேப்டாப்பும் கைமாறிவிட்டது.

பழைய இணைப்பை விட்டுவிட்டு ஃபைபர் போட்டார்கள். வந்தவர்கள் பழைய பெட்டியைக் கழற்றிவிட்டுத் தங்கள் பெட்டியை மாட்டினார்கள். உரிமையாளர் விவரமானவர், வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் பழையதே இருக்கட்டும் என்று நின்று வைக்கச் சொன்னார். போர்டுகளில் நீல விளக்கு வழக்கம்போல நிலைத்து எரிந்தது. வைஃபையில் சேர்ந்துவிட்டன. ஆனால் ஒன்றுகூட போனில் வரவில்லை. “லைட்டெல்லாம் எரியுதுங்க, ஆனா மோட்டார் எடுக்க மாட்டேங்குது” என்றார் தோட்டத்து ஆள்.

புதிய பெட்டி வழங்கிய எண்கள் 192.168.29-இல் தொடங்கின. ஐபியின் முதல் மூன்று எண்கள் தெருப் பெயர் மாதிரி. போனுக்கு இந்தப் புதுத் தெரு, போர்டுகள் இன்னும் 192.168.1 என்ற தெருவில். வைஃபையில் சேர்வது வேறு, ஒரே நெட்வொர்க்கில் இருப்பது வேறு என்பதை அந்த நீல விளக்கு காட்டாது. உள் நெட்வொர்க்குகளுக்கென்று ஒதுக்கிய எண்களில் 192.168 வரிசையில் மட்டும் 256 தெருக்கள் உண்டு. எந்தக் கம்பெனி எதைத் தேர்ந்தெடுக்கும் என்பது அவர்கள் இஷ்டம். புதிய பெட்டியின் எண்ணை 192.168.1.1 என்று மாற்றிவிடலாமே என்று தோன்றும். அந்தப் பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டு எங்களுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும், கம்பெனி தூரத்திலிருந்தே பெட்டியைப் புதுப்பித்தால் பழையபடி ஆகாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

போர்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி லேப்டாப்பில் செருகிப் புதுக் கோடு எழுதுவது ஒரு வழி. அந்தத் தோட்டத்தில் அது பல நாள் வேலை. ஸ்டார்ட்டர் பெட்டிகளில் மூன்று ஃபேஸ் இருக்கிறது, சும்மா கை வைக்க முடியாது. நான் செய்தது வேறு. வண்டியில் கிடந்த ஒரு பழைய சாதாரண ரவுட்டரை எடுத்து அதன் உள் எண்ணை 192.168.1.1 என்று வைத்தேன். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் போர்டுகளுக்குத் தெரிந்த பழையதே. இன்டர்நெட் உள்ளே வரும் அதன் நீல நிற ‘வான்’ (WAN) போர்ட்டில் ஃபைபர் பெட்டியிலிருந்து ஒரு கேபிள். கம்பங்களுக்குப் போகும் கேபிளை இந்த ரவுட்டருக்கு மாற்றினேன். பிறகு ஃபைபர் கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டு அவர்கள் பெட்டியின் வைஃபை பெயரை வேறாக்கச் சொன்னோம். இரண்டும் ஒரே பெயரில் கத்தினால் போர்டுகள் எதில் போய் ஒட்டும் என்று சொல்ல முடியாது. பெயர் மாறிய கொஞ்ச நேரத்தில் போர்டுகள் ஒவ்வொன்றாக வந்துவிட்டன. ஒரு பெட்டிக் கதவைக்கூடத் திறக்கவில்லை. அந்தப் பையன் மார்க்கரில் எழுதி வைத்த எண்கள் இன்றும் சரியாகவே இருக்கின்றன.

அதிலிருந்து கருவிகளுக்கென்று தனி ரவுட்டர் இல்லாத வேலையை நான் முடிந்தவரை எடுப்பதில்லை. “எதுக்குங்க இன்னொண்ணு, ஏற்கெனவே ஒண்ணு இருக்குதுல்ல” என்று ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குப் பேரம் பேசுவார்கள். முன்னால் இருக்கும் பெட்டி கம்பெனியுடையது, இது உங்களுடையது என்பேன். இரண்டு ரவுட்டர் அடுத்தடுத்து இருப்பது முறையல்ல என்று படித்தவர்கள் சொல்வார்கள். ஆன்லைன் விளையாட்டுக்கும் வெளியிலிருந்து கேமரா பார்ப்பதற்கும் அது தொந்தரவுதான். போன் இந்த ரவுட்டரின் வைஃபையில் இருந்தால், மோட்டாரை நிறுத்தவும் தொட்டி மட்டம் பார்க்கவும் ஒரு தொந்தரவும் கிடையாது. அதில் நான் வைக்கும் தெரு 192.168.50 மாதிரி, முன்னால் இருக்கும் பெட்டி எடுத்திராத ஒன்று. 0-வும் 1-ம் பல பெட்டிகளில் இருக்கின்றன. முன்னாலும் பின்னாலும் ஒரே தெரு அமைந்தால் நடு ரவுட்டர் குழம்பிப்போகும்.

அடுத்தவர் ரவுட்டரிலேயே வைத்தாக வேண்டிய இடமும் உண்டு. வாடகைக் கட்டடங்கள், பள்ளிக்கூடங்கள். அங்கே கோடில் ஒரு மாற்றுவழி வைத்துவிடுவேன். நிலையான எண்ணோடு கிளம்பியதும் கேட்வேயைக் கூப்பிட்டுப் பார்க்கும். பதில் இல்லையென்றால் வைஃபை.கான்ஃபிக்குக்கு எல்லாம் சைபராகக் கொடுத்து, ரவுட்டர் தரும் எண்ணையே வாங்கிக்கொள்ளும். அப்போது என்ன எண் என்று எப்படித் தெரியும்? அங்குலம்கூட இல்லாத ஓஎல்இடி திரை ஒன்றை ஒட்டி அதில் எண்ணைக் காட்ட வைப்பேன். டாட் லோக்கல் என்று பெயரில் கூப்பிடும் வழியும் உண்டு, ஆனால் தோட்டத்து ஆட்கள் வைத்திருக்கும் பழைய ஆண்ட்ராய்டு போன்களில் அது திறக்காது. திரையைப் படித்துச் சொல்ல யாராலும் முடியும்.

கோடிலேயே எண்ணை எழுதுவதற்கு எந்த ஆட்சேபமும் இல்லாத ஓர் இடம் பேட்டரியில் ஓடும் கருவி. தொட்டி மட்டம் பார்க்கும் போர்டு தூங்கி எழுந்து, அளந்து, அனுப்பிவிட்டு மறுபடி தூங்க வேண்டும். விழித்திருக்கும் ஒவ்வொரு வினாடியும் பேட்டரியில் கை வைக்கிறது. ரவுட்டரிடம் எண் கேட்டு வாங்கவே ஒரு வினாடியோ சில வினாடிகளோ போய்விடும். எண் கையில் இருந்தால் அது மிச்சம், வைஃபை சேனலும் சேர்த்துச் சொல்லிவிட்டால் இன்னும் மிச்சம்.

இப்போது டாஸ்மோட்டா, இஎஸ்பிஹோம் என்று கோடே எழுதாமல் போர்டை ஓட்டும் மென்பொருள்கள் வந்துவிட்டன. எண்ணை ஒரு கட்டத்தில் தட்டினால் போதும். புதிதாக வைக்கும் இடங்களில் பெரும்பாலான போர்டுகளுக்கு நான் எண்ணே போடுவதில்லை. நடுவில் ராஸ்பெரி பை என்ற ஒரு சின்னக் கம்ப்யூட்டர், அதில் செய்திகளை வாங்கிப் பிரித்துத் தரும் எம்க்யூடிடி புரோக்கர். போர்டுகள் தாமே அதைத் தேடிப் போய்ச் செய்தி சொல்லும், உத்தரவு வாங்கும். எண் மாறக் கூடாத கருவி அந்தப் பை ஒன்றுதான். கிணற்று மோட்டார் போர்டுக்கு மட்டும் இன்னும் நேரடியாக ஓர் எண் வைத்து, அதைக் கதவின் உள்பக்கம் எழுதுகிறேன். பை கெட்டுப்போனாலும், இன்டர்நெட் அறுந்தாலும், வீட்டிலிருந்தபடி மோட்டாரை நிறுத்த ஒரு வழி வேண்டும். ஸ்டார்ட்டரில் கம்பெனி வைத்த சிவப்பு பட்டனை எந்த இடத்திலும் நான் கழற்றியதில்லை. தானாக ஓடுவதுதானே, அது எதற்கு என்று கேட்பவர்களுக்கும் சேர்த்து அதை அங்கேயே விட்டுவிட்டு வருகிறேன்.